பல்பொடி ஒட்டாத முஷ்டி

நாற்காலிக்குச் சிவப்பு வெல்வெட் உறை. முதுகுப் பக்கம் தங்கக் கலரில் ஒரு பெரிய முடிச்சு. கல்யாண மாப்பிள்ளை உட்காருகிற ரகம். சாய்ந்தால் முடிச்சு குத்துகிறது, நிமிர்ந்தால் இடுப்பு பிடிக்கிறது. கிளப் ஹவுஸில் ஏசி போட்டும் வியர்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி தின்றுவிட்டுச் சும்மா கிடக்க வேண்டிய ஜனம் மொத்தமும் மேடையில் இருக்கிற என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. செக்ரட்டரி சேஷகிரி மைக்கைப் பிடித்துவிட்டார். விடமாட்டார். பேரப் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது போல இரண்டு கையாலும் வைத்திருப்பார். "நம்ம சி பிளாக் அங்கமுத்து மாஸ்டர்" என்கிறார். போன மாதம் வரைக்கும் நான் சி பிளாக் அங்கிள். லிஃப்ட் கதவை உதைக்கிற பிள்ளைகளை அதட்டுகிற கிழம். ஒரு வீடியோ சுற்றியது, மாஸ்டர் ஆகிவிட்டேன். முன் வரிசையில் வல்லி. என் சம்சாரம். கிளம்பும்போதே சொன்னாள், "மூஞ்சியைக் கொஞ்சம் சரியா வெச்சுக்குங்க. எழவு கேக்க வந்தவர் மாதிரி உக்காராதீங்க." "வேற மூஞ்சி இல்ல" என்றேன். "இருந்துது, நான் பாத்திருக்கேன்" என்றாள். இப்போது அங்கிருந்தே ஜாடை காட்டுகிறாள், சிரிங்க என்று. எதைப் பார்த்துச் சிரிப்பது. பின்னால் பெரிய திரை. திரையில் நான். எங்கள் அடுக்குமாடி கேட், ஒரு புதுக் கார், ஒரு கிழவன் கையிலிருக்கும் தயிர்ப் பாக்கெட்டைக் குனிந்து மதில் ஓரமாக வைக்கிறான், நிமிர்கிறான், வலது கை போகிறது, எதிரே நிற்கிற பையனின் மூக்குக்கு முன்னால் ஒரு விரல் கனம் விட்டு நிற்கிறது. பையன் கண்ணை இறுக்க மூடுகிறான். அத்தோடு துண்டு முடிந்து மறுபடியும் தயிர்ப் பாக்கெட். ஒவ்வொரு தடவையும் கைதட்டுகிறார்கள். "அந்தத் தயிரை வெச்ச நிதானத்தைப் பாருங்க" என்கிறார் சேஷகிரி. பாக்கெட் பொத்துக்கொண்டால் வல்லியிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது. அதற்கு நிதானம் என்று பெயராம். "அடிக்க முடியும். ஆனா அடிக்கல. அதுதான் வீரம்." இன்னொரு கைதட்டல். இவருக்கு எப்படித் தெரியும், முடியும் என்று. எனக்கே தெரியாது. துண்டு எந்த இடத்தில் முடிகிறது என்று மட்டும் தெரியும். அதற்கப்புறம் நடந்ததை வெட்டிவிட்டுத்தான் குரூப்பில் போட்டார்கள். வெட்டினவர்தான் மைக் வைத்திருக்கிறார்.

வலது கை மடியில் கிடக்கிறது. பார்த்தால் பெரிய கை. அம்பத்தூரில் லேத் ஓட்டின கை. ஷிஃப்ட் முடிந்து கிரீஸ்கூடப் போகாமல் யூனியன் ஆபீஸ் மொட்டை மாடிக்கு ஓடுவோம், அங்கே பெஞ்சமின் மாஸ்டர் கராத்தே சொல்லிக் கொடுத்தார். ரயில்வேயில் கிளார்க். மகான் ஒன்றும் இல்லை. மூக்குப்பொடி போடுகிற ஆள், தும்மிக்கொண்டே இருப்பார், கோபம் வந்தால் ஸ்டூலைத் தூக்கி எறிவார். ஒரு விஷயத்தில் மட்டும் பிசாசு. சண்டைக்கு ஜோடி நிறுத்தும்போது இரண்டு பேர் மூக்கு நுனியிலும் ரோஸ் கலர் பல்பொடியைத் தொட்டு வைப்பார். முடிந்ததும் கையை நீட்டச் சொல்லி, பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பது போல முஷ்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பல்பொடி ஒட்டியிருந்தால் தோற்றாய். எதிராளி மல்லாக்கக் கிடந்தாலும் நீதான் தோற்றாய். முழு வேகத்தில் போக வேண்டும், தோலில் படக் கூடாது. "ஒட்டிச்சுன்னா நீ ரவுடி. தள்ளி நின்னுச்சுன்னா பயந்தாங்கொள்ளி. நடுவுல ஒரு விரல் எடம் இருக்கு பாரு, அதுதான்டா வித்தை." சரியாக நின்றால் ஓரத்திலிருந்து "யாமே" என்று கத்துவார். ஜப்பான்காரன் பாஷையில் நிறுத்து என்று அர்த்தம். யாமே என்றால் இரண்டு பேரும் கையை இறக்கி, பழைய இடத்துக்குப் போய், குனிந்து வணங்கி நிற்க வேண்டும். யாருக்குப் புள்ளி என்று அவர் சொல்வார். இதையே வருஷக் கணக்காக. மழை பெய்தால் பல்பொடி கரைந்து வாய்க்குள் இறங்கும், இனிக்கும். கல்யாணமான புதிதில் வல்லி கேட்டாள், "எல்லாரும் வாயாலதான் பல்லு விளக்குவாங்க, நீங்க மூக்காலயா?" நல்ல கேள்வி. அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஒருத்தன் பாதி ஆயுசை அடுத்தவன் மூக்கில் படாமல் குத்துவதற்குச் செலவு பண்ணினான் என்று வெளியே சொன்னால் கீழ்ப்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இங்கே பொன்னாடை போர்த்துகிறார்கள். மேஜை மேல் இருக்கிறது, செல்லோஃபேன் தாளில், ஊதா.

சேஷகிரி மைக்கை இறக்கினார். அதிசயம். பிள்ளைகள் வருகிறார்கள். கராத்தே கிளாஸ். வெள்ளை உடை, இடுப்பில் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, பெயிண்ட் கடை சாம்பிள் அட்டை மாதிரி. சொல்லிக் கொடுக்கிறவன் கிரண் என்று ஒரு பையன், கறுப்பு பெல்ட்டை இரண்டு சுற்றுச் சுற்றியும் முழங்கால் வரைக்கும் தொங்குகிறது. ஓடு உடைக்கப் போகிறார்களாம். ஓட்டை ஏற்கனவே கீறிவைத்துதான் கொண்டுவந்திருக்கிறான், இங்கிருந்தே கோடு தெரிகிறது. ஒரு குட்டிப் பெண் கத்திக்கொண்டே கையை ஓங்கினாள், கை இறங்குவதற்கு முன்னாலேயே ஓடு இரண்டாகிவிட்டது. கைதட்டல். அவளுக்கே ஆச்சரியம், தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறாள். பாவம், இனி அது உடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கும். எல்லாப் பிள்ளைகளின் முதுகிலும் அச்சடித்திருக்கிறது, முதல் அடி நம்முடையது அல்ல. கிரண் அதை மைக்கில் வேறு சொல்கிறான். "கராத்தேங்கறது தற்காப்பு மட்டும்தான். நாம ஆரம்பிக்க மாட்டோம்." சரி தம்பி. நீ ஆரம்பிக்காதே. வேறொருத்தன் ஆரம்பித்துவிட்டான், உன்னிடம் இல்லை, உனக்குப் பக்கத்தில் நிற்கிறவனிடம். இப்போது அடுத்தது யாருடைய அடி. என்னை அடித்தால் நான் தடுப்பது தற்காப்பு. அடுத்தவனை அடிக்கும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அதற்கு என்ன பெயர். சட்டையில் இடம் பத்தாது. முதல் அடி, முதல் அடி என்று முதலையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். இரண்டாவது அடியைப் பற்றி எந்த மடையனும் அச்சடித்ததில்லை. எனக்கு இரண்டாவதுதான் தெரியும். அதன் சத்தம் தெரியும். இந்தக் கூட்டத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மூன்றே பேர். நான். அதோ கதவோரம் யூனிஃபார்மில் நின்று காகித டம்ளரில் காபி பிடித்துக்கொண்டிருக்கிற ஏகாம்பரம். மூன்றாவது ஆள் மேடைக்குப் பக்கத்தில், புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம், திரையில் கண்ணை மூடிக்கொள்கிற அதே பையன், ரிஷிவர்தன். வாசலில் பெண்கள் அவனுக்கும் சந்தனம் வைத்து, பன்னீர் தெளித்து, கற்கண்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எனக்கும் வைத்தார்கள். ஏகாம்பரத்துக்கு வைத்தார்களா. அவன்தான் வாசலில் சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டிருந்தான்.

அது நடந்த அன்று சாயங்காலம். தயிர் வாங்கிக்கொண்டு வருகிறேன். கேட்டில் கார் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. ரிஷியின் கார், வாங்கி ஒரு வாரம்கூட இல்லை, முன்னால் போட்ட மாலைகூடக் காயவில்லை, அசோசியேஷன் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. ஸ்டிக்கர் இல்லாத வண்டிக்குக் கேட் திறக்கக் கூடாது, யாராக இருந்தாலும் பேர் எழுதி வாங்கணும் என்று சட்டம் போட்டது சேஷகிரி. சட்டப்படி நடந்தது ஏகாம்பரம். செக்யூரிட்டி. செய்யாறு பக்கத்து ஆள். சட்டை அவனைவிடப் பெரியது. "சார், பேர் மட்டும் எழுதிருங்க சார்." "என் பேரு உனக்குத் தெரியாதா?" "தெரியும் சார்." "அப்ப நீயே எழுதிக்க." "நீங்கதான் சார் எழுதணும். அப்படித்தான் சொல்லியிருக்காங்க." பையன் இறங்கினான், அறைந்தான். தொப்பி உருண்டது. மறுபடியும் கை ஓங்கினான். நான் தயிரை வைத்துவிட்டு நடுவில் போனேன். கை போனது. நன்றாகத்தான் போனது, அதில் குறை சொல்ல மாட்டேன், இந்த வயதிலும் குதிகால் ஊன்றி இடுப்பு திரும்பியது. அவன் மூக்கை உடைக்கத்தான் போனது. உடைய வேண்டும் என்றுதான் நினைத்தேன், அந்தச் சத்தத்தைக் கேட்கக் காது காத்திருந்தது. நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. லேத்தில் ஸ்டாப்பர் வைத்திருப்போம், டூல் வந்து முட்டி நிற்கும், ஆள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் நிற்கும். அப்படி நின்றது. அது கேவலம் என்றால் அடுத்தது அதைவிடக் கேவலம். பையன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான், தாடை அங்கேயே இருக்கிறது, இடது கை சும்மா இருக்கிறது, நான் என்ன செய்தேன். காத்துக்கொண்டு நின்றேன். யாராவது யாமே சொல்வார்கள் என்று. சொன்னால் இறக்கலாம், பழைய இடத்துக்குப் போகலாம், வணங்கலாம். எப்போதோ செத்துப்போன ரயில்வே கிளார்க் வந்து எனக்குப் புள்ளி கொடுப்பார் என்று தெருவில் நின்றேன். பையன் ஒரு கண்ணைத் திறந்தான். முஷ்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். புரிந்துகொண்டான், புத்திசாலி, இன்ஜினியரிங் படித்தவன். சிரித்தான். "பயமுறுத்திட்டீங்களே அங்கிள்" என்று என் தோளைப் பிடித்து, வழியில் கிடக்கிற ஸ்டூலை நகர்த்துவது போல நகர்த்தி வைத்துவிட்டு, ஏகாம்பரத்தின் இடது காதைச் சேர்த்து அறைந்தான். பயந்ததற்கும் சேர்த்து அறைந்தான். ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். ஏகாம்பரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். என் முஷ்டி இன்னும் அந்தரத்திலேயே இருந்தது, ஒரு ஆளும் இல்லாத இடத்தில், காற்றைக் குறிபார்த்துக்கொண்டு. வீட்டுக்கு வந்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பெஞ்சமின் மாஸ்டர் பார்த்திருந்தால் முழுப் புள்ளி.

காது ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். ஏகாம்பரத்தின் மனைவி அவனை இழுத்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாள். கேமரா என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறார் இன்ஸ்பெக்டர். அதற்கு மேல் பதிவாகவில்லை என்று சேஷகிரி சொல்லியிருக்கிறார். "அப்ப அந்தப் பெரியவர் என்ன சொல்றாரோ அதுதான். திங்கக்கிழமை வரச் சொல்லுங்க" என்று முடித்துவிட்டார் இன்ஸ்பெக்டர். திங்கட்கிழமை என்பது நாளைக்கு. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா. நான் கிழவன், முட்டாள் இல்லை. சேஷகிரி வீட்டுக்கு வந்தார், ஆப்பிள் பையோடு. ஆஸ்பத்திரிக்கு வருகிற மாதிரி. "மாஸ்டர், ரிஷி கனடா போறான். இந்த நேரத்துல ஸ்டேஷன்ல பேர் ஏறிச்சுன்னா அவன் லைஃபே போச்சு. நீங்க தடுத்தீங்க, அதோட முடிஞ்சுது. ஏகாம்பரம் பதட்டத்துல கீழ விழுந்திருக்கான். அப்படித்தானே?" "அப்படியா?" என்றேன். "வீடியோல அப்படித்தானே இருக்கு மாஸ்டர்." காபி குடித்துவிட்டுப் போனார். வல்லி டம்ளரை எடுத்துக்கொண்டே கேட்டாள், "திங்கக்கிழமை என்ன சொல்லப் போறீங்க?" "தெரியல." "தெரியாம போக என்ன இருக்கு, பாத்ததைச் சொல்றதுக்கு?" அவளுக்கு என்ன. பார்த்ததைச் சொன்னால் நின்றதையும் சொல்ல வேண்டும். கிழவன் குத்தினான், குத்து நின்றது, கிழவன் மரம் மாதிரி நின்றான், அவன் எதிரிலேயே இன்னொருத்தன் காது போனது. சொல்லட்டுமா. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொள்வார், ஏட்டு சிரிப்பார். இதை மறைக்கிற துணி ஊதா கலரில் மேஜையில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு, சொன்னால் வாய் நாறும். குரூப்பில் அத்தனை பேரும் மாஸ்டர் மாஸ்டர் என்று போட்டபோது ஒரு நிமிஷம் முதுகு நிமிர்ந்தது. லிஃப்டில் பிள்ளைகள் சலாம் வைத்தபோது நானும் தலையை ஆட்டினேன். அதனால்தான் இந்த முடிச்சு இப்போது முதுகைக் குத்துகிறது, குத்தட்டும். எல்லாரும் பாராட்டினார்கள், எதற்கென்று ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. கேட்டது ஏகாம்பரம் மட்டும்தான். முந்தாநாள், காதில் பஞ்சோடு, கேட் பக்கத்தில். "ஐயா, ஒண்ணு கேக்கலாமா?" "என்ன?" "அன்னிக்கி ஏன்யா நிறுத்தினீங்க?" கோபம் இல்லை. மோட்டார் ஏன் நின்றது என்று கேட்பது போலக் கேட்டான். கேட்டுவிட்டு, நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, பதிலுக்காக நின்றான். "மருந்தை ஒழுங்காப் போடு" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்கு வந்துவிட்டேன். அவன் வேறு பதில் எதையாவது எதிர்பார்த்தானா. கடைசிவரைக்கும் அந்தக் காதை என் பக்கத்திலிருந்து எடுக்கவே இல்லை, லிஃப்ட் மூடும்போதும் பார்த்தேன்.

பொன்னாடை போர்த்திவிட்டார்கள். ஜரிகை கழுத்தை அரிக்கிறது. சேஷகிரியின் கையில் மறுபடியும் மைக். "இப்ப நம்ம ரிஷி ரெண்டு வார்த்தை." ரிஷி வந்தான். "நான் அன்னைக்கி டென்ஷன்ல இருந்தேன். மாஸ்டர் எனக்கு ஒரு பாடம் கத்துக் கொடுத்தார். தேங்க் யூ அங்கிள்." நல்ல பையன் என்று பின்னால் யாரோ சொல்கிறார்கள். என் கையைப் பிடித்துக் குலுக்கினான், மெத்தென்று இருந்தது, அந்தக் கை, அறைகிற கை அப்படித்தான் இருக்கும் போல. "ஏகாம்பரமும் சமாதானமா இருக்கான், இல்லப்பா?" என்று சேஷகிரி கதவுப் பக்கம் கேட்டார். ஏகாம்பரம் காபி டிரேயோடு நின்றான், காதில் விழவில்லை, எல்லாரும் திரும்பிப் பார்த்ததைப் பார்த்து அவனும் தலையை ஆட்டினான். கைதட்டல். இவர்களுக்குக் கை வலிக்காதா. "முடிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஆசை" என்றார் சேஷகிரி, "மாஸ்டர் அந்தக் குத்தை ஒரே ஒரு தடவை லைவா காட்டணும். ரிஷி, நீயே நில்லு." கூட்டம் எழுந்துவிட்டது. அத்தனை கையிலும் ஃபோன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "தயிர் வேணுமா மாஸ்டர்?" சிரிப்பு. ரிஷியும் சிரித்துக்கொண்டே வந்து எதிரில் நின்றான். முகத்தை முன்னால் நீட்டினான். புருவத்துக்கு நடுவில் சந்தனம், ஒரு கீற்று மூக்கின் மேல் வழிந்து காய்ந்திருக்கிறது. கண்ணை மூடவில்லை. அன்றைக்கு மூடினான், இன்றைக்கு மூடவில்லை. படாது என்று தெரிந்துவிட்டது அவனுக்கு.

எழுந்தேன். முழங்கால் சொடுக்கியது. இதோ மூக்கு. ஒரு விரல் கனம் கூடப் போனால் போதும். வேணும் என்று நினைத்தால் போகுமா, அதையும் இங்கேயே பார்த்துவிடலாம். போகும் என்று தோன்றுகிறது, இன்றைக்குப் போகும், கை சூடாக இருக்கிறது. சந்தனம் ஒட்டும். ரத்தம் வரும். இந்த ஜனத்தின் வாயை ஒரு தடவை மூடலாம். அன்றைக்கு நியாயமாக விழ வேண்டியது வராக்கடன் மாதிரி நிற்கிறது. ஆனால் இவன் இப்போது யாரையும் அடிக்கவில்லை. முகத்தை நம்பிக் கொடுத்துக்கொண்டு நிற்கிறான், குழந்தை மாதிரி. அன்றைக்கு அடிக்காதது எவ்வளவு தப்போ, இன்றைக்கு அடிப்பது அவ்வளவு தப்பு, ஒரே முஷ்டி, ஒரே மூக்கு. அதுவும் போகட்டும், நான் தப்புக்குப் பயந்தவன் இல்லை. அடித்தால் நாளைக்கு ஸ்டேஷனில் என்ன ஆகும். கிழவனும் அடித்தான், பையனும் அடித்தான், சரிக்குச் சரி, இரண்டு புகாரையும் கிழித்துப் போடுங்கள், போய்ட்டு வாங்க. ஏகாம்பரத்தின் காதைக் கொண்டு என் கைக்குச் சமாதானம் வாங்கின கதை. அடிக்காமல் நிறுத்திக் காட்டினாலோ, அதுவும் அவர்கள் கேட்டதுதான், அந்தத் துண்டு இன்னொரு தடவை, இந்தத் தடவை நானே வெட்டிக் கொடுத்த மாதிரி. படுவதும் பொய், படாததும் பொய். பெஞ்சமின் மாஸ்டர், நடுவில் ஒரு விரல் இடம் இருக்கிறது என்றீரே, எங்கே அய்யா. சேஷகிரி "ஒன், டூ" என்று ஆரம்பித்துவிட்டார். தயிர் வேணுமா என்றானே ஒருத்தன். அவன் மடையன்தான். ஆனால் சரியாகக் கேட்டிருக்கிறான். அன்றைக்கு இருந்ததெல்லாம் வேணும். "இருங்க" என்றேன். "ஒரு ஆள் குறையுது. ஏகாம்பரத்தைக் கூப்பிடுங்க."

"அவன் எதுக்கு மாஸ்டர்?" என்றார் சேஷகிரி. "அவன் நின்னான்ல. வீடியோல பின்னாடி கால் தெரியுது பாருங்க." எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். தெரிந்தது, என் முதுகுக்குப் பின்னால் ஒரு காக்கிக் கால். இத்தனை நாளும் ஒருத்தர் கண்ணிலும் படாத கால். ஏகாம்பரம் டிரேயை ஓரமாக வைத்தான், தளும்பாமல், அதற்கு எவனும் கைதட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினான். தோளைப் பிடித்து அன்றைக்கு நின்ற இடத்தில் நிறுத்தினேன், எனக்குப் பின்னால், கொஞ்சம் இடது பக்கம். "ஐயா, என்னங்கய்யா?" என்றான். "ஒண்ணுமில்ல, நில்லு." திரும்பினேன். குதிகால் ஊன்றியது, இடுப்பு திரும்பியது, கை போனது. நின்றது. சந்தனத்தின் வாசனை விரலில் அடிக்கிற தூரம், படவில்லை. இந்தத் தடவை நிறுத்தியது நான். வித்தியாசம் எனக்கு மட்டும்தான் தெரியும், போகட்டும். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வல்லிகூடத் தட்டுகிறாள். கையை இறக்கவில்லை. தட்டி ஓயட்டும் என்று அப்படியே வைத்திருந்தேன். ஓய்ந்தது. "ம்" என்றேன் ரிஷியிடம், "அப்புறம்?" "என்ன அங்கிள், அப்புறம்?" "அப்புறம் நீ பண்ணினது. பண்ணு." சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தான். "அங்கிள், அதான் டென்ஷன்ல இருந்தேன்னு சொல்லிட்டேனே." "சொன்னதைக் கேட்டேன். பண்ணினதைக் காட்டு. தோளைப் பிடிச்சு என்னை நகத்தினே. நகத்து. இவங்க பாக்கல." "மாஸ்டர், போதும், டைம் ஆச்சு, சாப்பாடு ரெடி" என்றார் சேஷகிரி, மைக்கில்லாமல். "ரெடியாத்தான் இருக்கும், உக்காருங்க" என்றேன். முன் வரிசையில் வல்லி தட்டுகிற கையை அப்படியே நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டாள். ரிஷிக்கு வியர்த்தது. சந்தனம் இளகி மூக்கில் இறங்கியது. அதைத் துடைக்கத்தான், வேறு எதற்கும் இல்லை, துடைக்கத்தான் அவன் வலது கையைத் தூக்கினான். எனக்குப் பின்னால் காக்கித் துணி உரசுகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். ஏகாம்பரத்தின் கை காதுக்குப் போயிருந்தது. பஞ்சை மூடிக்கொண்டு, தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டு, பாதி குனிந்து நிற்கிறான். யாரும் அவனைத் தொடவில்லை. அவனும் எதையும் காட்ட வேண்டும் என்று காட்டவில்லை, அவன் கையும் என் கை மாதிரிதான், சொல்லாமல் போகிறது. ரிஷி தூக்கின கையை இறக்கத் தெரியாமல் வைத்துக்கொண்டு நிற்கிறான். அத்தனை ஃபோனும் எடுத்துக்கொண்டிருக்கிறது, எத்தனை பேரிடம் போய் வெட்டுவார் சேஷகிரி.

"யாமே" என்றேன். அன்றைக்கு யாரும் சொல்லாதது. ஒருத்தருக்கும் புரியவில்லை, கிரண் மட்டும் அனிச்சையாக நிமிர்ந்து நின்றான், பிள்ளைகளும் நின்றார்கள். கையை இறக்கினேன். ஏகாம்பரத்தின் வலது பக்கமாகப் போனேன், நல்ல காதுக்கு. "அன்னிக்கிக் கேட்டியே. நான் நிறுத்தலப்பா. அதுவா நின்னுடுச்சு. நின்னிருக்கக் கூடாது." கேட்டதா தெரியவில்லை, முகத்தையே பார்த்தான். "நாளைக்கி ஸ்டேஷனுக்குச் சேர்ந்தே போவோம். என் கை நின்னதையும் சொல்றேன், அவன் அடிச்சதையும் சொல்றேன்." "சரிங்கய்யா" என்றான். இடது கையை மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை. ரிஷி இன்னும் தன் கையை இறக்கியிருக்கவில்லை.